வாட்ஸ்அப் எடிட் வசதி: குறி இருக்கிறது, பழைய வாசகம் எங்கே?

வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜைத் திருத்தும் வசதி 2023 மே மாதம் வந்தது. அதற்கு முன்னால் எழுத்துப்பிழை விட்டால் ஒரு ஸ்டார் போட்டுச் சரியான சொல்லைத் தனி மெசேஜாக அனுப்புவோம், இல்லையென்றால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி அனுப்புவோம், உடனே அந்தப் பக்கம் இருப்பவர் "என்னத்த டெலீட் பண்ணீங்க?" என்று குடைய ஆரம்பிப்பார். அந்தத் தொல்லை ஒழிந்தது. இப்போது மெசேஜை அழுத்திப் பிடித்து, அனுப்பிய 15 நிமிடத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். போட்டோவுக்குக் கீழே எழுதியதையும் மாற்றலாம். கீபோர்டு பரிந்துரைக்கிற சொல்லைத் தெரியாமல் தட்டிவிட்டு அசடு வழிகிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வசதி நல்ல வசதிதான், அதில் சந்தேகமே இல்லை.

என் புகாரெல்லாம் திருத்தியதைக் காட்டுகிற விதத்தைப் பற்றி.

திருத்திய மெசேஜின் ஓரத்தில், நேரத்துக்குப் பக்கத்தில், 'எடிட்டட்' என்று பொடி எழுத்தில் ஒரு சொல் வரும். அவ்வளவுதான். முன்னால் என்ன இருந்தது என்று மற்றவர் பார்க்க வழியே கிடையாது. பக்கத்தில் தெரிகிற நேரமும் முதலில் அனுப்பிய நேரம்தான். திருத்தும்போது எதிரில் இருப்பவருக்குப் புதிதாக நோட்டிஃபிகேஷன் போவதும் இல்லை. ஆக, நீங்கள் படித்துப் பதில் சொல்லிவிட்டு போனைக் கீழே வைத்த பிறகு மேலே இருக்கிற வாசகம் மாறினால் உங்களுக்குத் தெரியவே வராது, பிறகு எப்போதாவது மேலே தள்ளிப் பார்த்தால்தான் உண்டு.

இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை விற்பதாக ஒருவர் 8,500 ரூபாய் என்று அனுப்பினார். "சரி சார், எடுத்துக்கிறேன், சாயங்காலம் வண்டியோட வர்றேன்" என்று பதில் போட்டேன். சாயங்காலம் போய் நின்றால் 9,500 என்கிறார். மெசேஜைக் காட்டலாம் என்று போனை எடுத்தால் அதில் 9,500 என்றுதான் இருக்கிறது, பக்கத்தில் பொடியாக 'எடிட்டட்', அதற்குக் கீழே என்னுடைய "சரி சார்" அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. "ஸ்பெல்லிங் மிஸ்டேக் சார், அதான் மாத்துனேன்" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? அவர் பொய் சொல்கிறார் என்பதற்கும் ஆதாரம் இல்லை, உண்மை சொல்கிறார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று காலி வண்டியோடு திரும்பினேன், வண்டி வாடகை தண்டம்.

கவனித்துப் பாருங்கள், அங்கே மாறியது அவருடைய மெசேஜ் மட்டும் இல்லை. நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை, ஆனால் என் "சரி"க்கு அர்த்தம் மாறிவிட்டது. திருத்தியதைக் காட்டவேண்டியது எழுதியவரைப் பிடிப்பதற்காக இல்லை, அதற்குப் பதில் சொன்னவரைக் காப்பாற்றுவதற்காக. வாட்ஸ்அப் இதைப் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். வெறும் 'எடிட்டட்' என்று போட்டுவிட்டுப் பழையதை மறைத்தால், ஒற்றுப்பிழை திருத்திய நல்ல மனுஷன் மேலும் சந்தேகம் விழுகிறது, விலையை மாற்றியவனுக்கோ ஸ்பெல்லிங் என்று தப்பிக்க இடம் கிடைக்கிறது.

மற்றவர்கள் இதைச் செய்யாமல் இல்லை. ஐபோனில் ஐமெசேஜுக்கு 2022இல் ஐஓஎஸ் 16ஓடு இந்த வசதி வந்தது. அங்கேயும் 15 நிமிடம்தான், ஐந்து முறை வரை மாற்றலாம், ஆனால் 'எடிட்டட்' என்பதைத் தட்டினால் முந்தைய வாசகங்கள் வரிசையாக விரியும். சிக்னல் என்ற மெசேஜ் செயலியில் 24 மணி நேரம் வரை திருத்தலாம், அதிலும் தட்டினால் பழையது தெரியும். இவ்வளவு நீண்ட நேரம் கொடுக்க அவர்களுக்குத் தைரியம் வருவதே பழையதைக் காட்டுவதால்தான் என்பது என் கணிப்பு. டெலிகிராம் ரெண்டுங்கெட்டான். குழுக்களில் 48 மணி நேரம் வரை மாற்றலாம், உறுப்பினர்களுக்கு வெறும் குறி மட்டும், அட்மின்களுக்கு மட்டும் 'ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்' என்ற இடத்தில் கடைசி 48 மணி நேரத்துத் திருத்தங்கள் முன்னே பின்னே என்று தெரியும். சண்டை வந்தால் அட்மின் பஞ்சாயத்து பண்ணலாம், சரி, ஆனால் அட்மினே திருத்தியவராக இருந்தால்?

இந்தக் கேள்வி சும்மா கேட்டது இல்லை. 2016 நவம்பரில் ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன், அங்கே ஒரு குழுவில் தன்னைத் திட்டி எழுதியவர்களின் கமெண்ட்டுகளுக்குள் புகுந்து தன் பெயர் இருந்த இடத்தில் அந்தக் குழுவை நடத்துபவர்களின் பெயர்களை மாற்றி வைத்தார். திருத்தியதற்கான குறி எதுவும் விழவில்லை. பெரிய ரகளையாகி, நான்தான் செய்தேன் என்று பிறகு ஒப்புக்கொண்டார். குறி எல்லாருக்கும் விழவேண்டும், சாவி கையில் இருப்பவருக்கு முதலில் விழவேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற இடம் என்றால் விக்கிப்பீடியாதான். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து வரலாறு என்பதைத் தட்டிப் பாருங்கள். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை பைட் கூட்டினார் அல்லது குறைத்தார் என்று வரிவரியாக இருக்கும், எழுத்துப்பிழை மாதிரி சின்னத் திருத்தத்துக்குத் தனி அடையாளமும் உண்டு. எந்த இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நம் ஊர்ப் பத்திரம் எழுதுகிறவர்களுக்கு இது புதிதே இல்லை: பத்திரத்தில் அடித்தல், திருத்தல் இருந்தால் அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே சொல்கிறது. அடித்ததும் தெரியவேண்டும், அடித்தது யார் என்பதும் தெரியவேண்டும்.

யூடியூபில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீடியோ போட்டவர் உங்கள் கமெண்ட்டுக்கு இதயம் போட்டிருந்தால், நீங்கள் அதைத் திருத்திய மறுகணம் அந்த இதயம் காணாமல் போய்விடும். நான் பாராட்டியது பழைய வாசகத்தை, புதியதை இல்லை என்று அர்த்தம். என் "சரி சார்"க்கு வாட்ஸ்அப் இப்படி ஏதாவது செய்திருக்கலாம். கூகுள் மேப்ஸில் நேர் எதிர், அங்கே ஒரு ஸ்டார் கொடுத்து வாங்கு வாங்கென்று வாங்கியவர் சமாதானமாகி ஐந்து ஸ்டாராக மாற்றிவிடுவார், கடைக்காரர் எழுதிய "உங்கள் கசப்பான அனுபவத்துக்கு வருந்துகிறோம்" மட்டும் கீழே அப்படியே கிடக்கும். படித்தால் சிரிப்புதான் வரும்.

பழையதைக் காட்டக் கூடாது என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவசரத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ ஓடிபியையோ குழுவில் போட்டுவிட்டு மாற்றுகிறோம், அது வரலாற்றில் எல்லாருக்கும் தெரிந்தால் மாற்றியதே வீண். ஆனால் அதற்கு அழிக்கிற வசதி தனியாக இருக்கிறதே. 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் மெசேஜ் போய்விடும், அழித்தார் என்ற தகவல் மட்டும் நிற்கும். அதற்கு இரண்டு நாளுக்கும் மேல் அவகாசம் உண்டு. விக்கிப்பீடியாவிலும் நிர்வாகிகள் இப்படிப்பட்ட பதிப்புகளை மறைக்கலாம். திருத்துவது வேறு, மறைப்பது வேறு, இரண்டுக்கும் ஒரே பட்டன் வேண்டாம்.

அப்புறம், ஒரு புள்ளி வைத்ததற்கெல்லாம் குறி விழுவது எனக்கும் எரிச்சல்தான். ரெட்டிட்டில் பதிவு போட்ட முதல் சில நிமிடங்களில் திருத்தினால் குறி விழாது, அந்த மாதிரி ஒரு சலுகை நியாயமானது. வாட்ஸ்அப்பிடம் இதைவிட நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது, நீல டிக். எதிரில் இருப்பவர் இன்னும் படிக்கவில்லையா, இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும், குறியே வேண்டாம். நீலம் விழுந்த பிறகு மாற்றினால் பழையதைத் தட்டிப் பார்க்கும்படி வைக்கட்டும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு எப்படி என்று கேட்டால், பதில் வந்ததா என்பதை வைத்தாவது பார்க்கலாம். இருநூறு பேர் இருக்கிற அபார்ட்மெண்ட் குழுவில் இது எப்படி வேலை செய்யும் என்பது அவர்கள் யோசிக்கவேண்டிய கணக்கு.

மதிப்பெண் கேட்டால், திருத்தும் வசதிக்கு ஐந்துக்கு நாலரை, திருத்தியதைக் காட்டுவதற்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் குறியாவது போடுகிறார்களே என்பதற்காக. பணம் சம்பந்தப்பட்ட பேச்சு இருப்பவர்கள் வெறும் "சரி", "ஓகே", கட்டைவிரல் எல்லாம் போடாதீர்கள், "8,500க்கு எடுத்துக்கிறேன்" என்று தொகையையும் சேர்த்து உங்கள் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட்.