பீடியை விடுவதற்கு சூயிங்கமா, பேட்ச்சா, மாத்திரையா?

மன்னார்குடி பக்கம் குறுவை, சம்பா என்று வயலோடு கிடக்கும் என் சித்தப்பாவுக்கு முப்பது வருடமாக பீடிப் பழக்கம். இரண்டு தடவை விட்டுப் பார்த்தார், இரண்டு தடவையும் ஒரு வாரம் தாண்டவில்லை. மனவுறுதி இல்லை என்று வீட்டில் எல்லாரும் திட்டினோம், அது தப்பு. கையில் இருந்தது நிக்கோட்டின் சூயிங்கம் மட்டும்தான், அதையும் சாதாரண பபிள்கம் மாதிரி சரசரவென்று மென்று துப்பிக்கொண்டிருந்தார்.

சூயிங்கத்தை அப்படி மெல்லக்கூடாது. நாலைந்து தடவை மென்றதும் மிளகு போல ஒரு காரம் வரும், உடனே கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். புகையிலை ஒதுக்குகிற ஊரில் இதைத் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை! காரம் போனதும் மறுபடி மெல்வது, மறுபடி ஒதுக்குவது, இப்படி அரை மணி நேரம். வாயின் உள்தோல் வழியாகத்தான் மருந்து ஏற வேண்டும், எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். இன்னொன்று, டிகிரி காபியைக் குடித்த வாயோடு இதைப் போட்டால் பெரிதாக வேலை செய்யாது. காபி வாயின் புளிப்பைக் கூட்டிவிடும், நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. 15 நிமிடம் இடைவெளி வேண்டும். தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு 2 மி.கி. போதாது, 4 மி.கி. தேவைப்படும்.

பேட்ச் இதற்கு நேர் எதிர். தோலில் ஒட்டினால் நாள் முழுக்க மெதுவாக, சீராக நிக்கோட்டின் இறங்கும். நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் புகைப்பவருக்கு வழக்கமாக 21 மி.கி.யில் ஆரம்பித்து ஆறு வாரம், பிறகு 14, பிறகு 7 என்று இரண்டிரண்டு வாரம். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் திடீரென்று எழுகிற வெறியை அது அடக்காது. நடவு நேரத்து வியர்வையில் உரிந்தும் விடும், அதனால் காய்ந்த, முடியில்லாத மேல்கையில் அழுத்தி ஒட்டி, தினம் இடம் மாற்ற வேண்டும். கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம்.

இந்த இரண்டில் எது என்று சண்டை போடுவதே வீண் என்பேன். பேட்ச் அடித்தளம், சூயிங்கம் அவசரத்துக்கு: ஒன்றை மட்டும் நம்புவதைவிட இரண்டும் சேர்ந்தால் விடுபவர்கள் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "நிக்கோட்டினையே திருப்பிக் கொடுக்கிறார்களே" என்று சித்தி பயந்தார். பழக்கத்துக்கு அடிமையாக்குவது நிக்கோட்டின்தான், ஆனால் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் புகையில் வரும் மற்ற நச்சுகளே காரணம். பீடி சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம், அதன் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல.

சரி, மாத்திரை. வாரெனிக்ளின் மூளையில் நிக்கோட்டின் உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்: ஏக்கத்தைக் குறைக்கும், மீறிப் புகைத்தாலும் பழைய சுகம் கிடைக்காது. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து 12 வாரம் சாப்பிடுவது வழக்கம். குமட்டல்தான் முக்கியத் தொல்லை, வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டால் குறையும். மனநிலையைக் கெடுக்கும் என்ற பழைய பயத்தை, சுமார் 8,000 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியான சோதனை பெரிதும் தணித்தது. அதிலேயே பேட்ச்சையும், புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரையையும்விட இது நன்றாக வேலை செய்தது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. புப்ரோபியான் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

டாக்டரைப் பார்க்க முடிந்தால் என் முதல் தேர்வு வாரெனிக்ளின், இல்லையென்றால் பேட்ச்சும் சூயிங்கமும் சேர்த்து. சூயிங்கம் மட்டும் போதும் என்பது நாளுக்கு நாலைந்து புகைப்பவருக்குத்தான். சித்தப்பா இப்போது பேட்ச்சும் சூயிங்கமும், ஐந்தாவது வாரம். "நல்லாத்தானே இருக்கேன், நிறுத்திடலாமா" என்று நேற்று கேட்டார், வேண்டவே வேண்டாம் சித்தப்பா, 14-க்கு இறங்கவே இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றேன். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது, அதையும் அவர் போனில் பதிந்து கொடுத்திருக்கிறேன்.