மார்மன் சபையில் ஒரு ஞாயிறு

கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோயிலில் பூசை கண்டு வளர்ந்த கத்தோலிக்கன் நான். கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டாரே என்று கோவையில் மார்மன் சபைக்குப் போனேன். அமெரிக்காவில் தோன்றிய சபை அது; பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் முழுப்பெயர்.

உள்ளே சிலுவையும் இல்லை, சுரூபமும் இல்லை, சாம்பிராணி வாசமும் இல்லை. வெறும் கூட்ட அரங்கு மாதிரி இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ரெண்டு பையன்கள் ரொட்டியைப் பிட்டு, மண்டியிட்டு ஜெபித்தார்கள். அப்புறம் தட்டு வரிசை வரிசையாகக் கை மாறி வந்தது. அடுத்த தட்டில் சுண்டுவிரல் உயரக் குட்டிக் கிண்ணங்கள்; உள்ளே திராட்சை ரசம் இல்லீங்க, தண்ணீர்! நமக்கு நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பமும் ரசமும், கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமேதான். அவர்களுக்கு அது நினைவுகூரும் அடையாளம்.

சம்பளம் வாங்கும் குருவானவர் இல்லை. சபையாரே பிரசங்கம் செய்தார்கள். ஒரு அம்மா பேசும்போதே கண் கலங்கிவிட்டார். நம்ம பூசையில் இது நடக்காது, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் நாம் நம்புவதுபோல் ஒரே கடவுள் இல்லை, தனித்தனி ஆள் என்கிறார்கள்; 1830-இல் வந்த மார்மன் புத்தகத்தையும் வேதமாக வைக்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2001-இல் வத்திக்கான் அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்றதும் பிதா, சுதன், ஆவி பற்றிய இந்த வேறுபாட்டால்தான்.

உபசரிப்புக்குக் குறையில்லை. காபி, டீ மட்டும் கேட்காதீர்கள், விலக்கு. வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு ஃபில்டர் காபி குடித்தேன்.