போகீயாஸ் படகுத்துறை: கழுதை சவாரிக்குப் போகலாம், சாப்பாட்டுக்குக் கட்டாயம் போகலாம்

அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவிலிருந்து எல்லையான ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் போகீயாஸ் தெல் கார்மென் என்ற சிற்றூர். பாலமெல்லாம் கிடையாது, துடுப்புப் படகுதான், ஏறி உட்கார்ந்து பையைச் சரிசெய்வதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. சில டாலர்தான், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஊருக்கு நடக்கலாம், இல்லையென்றால் கழுதையோ குதிரையோ. என் கழுதைக்கு வழி மனப்பாடம், ஆனால் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆற்றோரப் புதரில் மேயும் மாடும் குதிரையும் எல்லையை எங்கே மதிக்கின்றன, தண்ணீர் குறைந்தால் பூங்காவுக்குள் புகுந்துவிடுகின்றன, அது அங்கே தீராத தலைவலி. 2002-ல் இந்தத் துறையை மூடியபோது பிழைப்பு போய் நிறையப் பேர் ஊரைவிட்டே கிளம்பினார்கள். 2013-ல் திறந்த பிறகுதான் உயிர் வந்தது.

ஆற்றைப் பார்த்த திண்ணையில் ஆட்டுக்கறி டாக்கோ சாப்பிட்டேன், சோள ரொட்டிக்குள் கறியை வைத்து மடித்தது. ரொட்டி சூடு, ஓரம் லேசாகக் கருகியிருந்தது, அதுதான் ருசியே. கூட வந்த சல்சா என்ற காரச் சட்னி மட்டும் சப்பென்று இருந்தது.

கம்பியில் முறுக்கிய தேள் பொம்மையை ஊருக்குள்ளேயே வாங்குங்கள், அமெரிக்கக் கரையில் பாறைமேல் வைத்திருப்பதை வாங்குவது சட்டவிரோதம். அப்புறம், பாஸ்போர்ட் கட்டாயம். திரும்பும்போது அதை இயந்திரத்தில் காட்டி, எங்கோ இருக்கும் அதிகாரியிடம் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டும். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துவிட்டுப் போங்கள்.