படகில் வானொலி: எஃப்.எம். பெட்டியா, கைபேசியும் புளூடூத் ஒலிபெருக்கியுமா?

வேர்ல்ட்ஸ்பேஸ் செயற்கைக்கோள் வானொலிச் சேவை 2009 இறுதியில் நின்றுபோனதாலும், அதே வகைச் சேவையான சிரியஸ் எக்ஸ்எம் வட அமெரிக்காவுக்கே உரியதாக இருப்பதாலும், ஏலகிரியின் புங்கனூர் ஏரி போன்ற இடத்தில் உல்லாசப் படகு வைத்திருப்பவர் செயற்கைக்கோள் வானொலியை மறந்துவிட்டு, எஃப்.எம். பெட்டி, கைபேசியோடு புளூடூத் ஒலிபெருக்கி ஆகிய இரண்டில் ஒன்றையே தேர வேண்டியிருக்கிறது.

எஃப்.எம். பெட்டிக்கு உழைப்பு அதிகம். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர் என்பதால், அதில் கால் பங்காகிய 75 சென்டிமீட்டர் ஆன்டெனாவைப் படகின் உயரமான இடத்தில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். ஃபைபர் படகு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே காரில் செய்வதுபோல உடற்பகுதியை எர்த்தாகக் கொள்ளாமல், எதிர்மின் கம்பியையும் தனியாக 12 வோல்ட் பேட்டரி வரை கொண்டுசெல்ல வேண்டும். நேர்மின் கம்பியில், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். குழந்தைகள் ஏறும் படகில் இதைத் தவிர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மலை மறைத்தால் எஃப்.எம். அலை தேயும் என்பதால், பெட்டியைப் பொருத்தப் படகில் துளை போடுமுன் சிறு கைவானொலியோடு ஏரியின் நடுவே சென்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

புளூடூத் ஒலிபெருக்கிக்குக் கம்பி வேலையே இல்லை. ஐபிஎக்ஸ்7 என்ற நீர்புகாத் தரமுடையது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் பாட்டுக்காகக் கைபேசியின் சார்ஜ் கரைந்துவிட்டால், நடு ஏரியில் உதவிக்கு யாரை அழைப்பது? இந்த ஒரு காரணத்துக்காகவே, அலை தெளிவாகக் கிடைக்குமானால், எஃப்.எம். பெட்டியையே பரிந்துரைக்கிறேன்.