கோத்தகிரியில் மின்சாரக் கார்: இரண்டு ஆண்டு அனுபவம்

வீடு நீலகிரி மலைமேல் கோத்தகிரியில், வேலை அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில். 30 யூனிட் பேட்டரி உள்ள கார் வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. தினமும் போக வர 66 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. எனக்குப் பிடிபட நாளானது சார்ஜ் போடும் நேரம்தான்.

முதல் சில மாதம் மாலை ஏழு மணிக்கு வந்ததும் பிளக்கைச் செருகிவிடுவேன். எங்கள் தெருவில் கீசரும் ஹீட்டரும் ஓடுவதும் அதே நேரத்தில்தான். எங்கள் வீடு லைனின் கடைசியில் இருக்கிறது. வோல்டேஜ் 180க்கு இறங்கும், சார்ஜர் நின்றுவிடும். பக்கத்து வீட்டில் விளக்கு மங்கும். 15 ஆம்பியர் பிளக்கில் கார் இழுப்பது சுமார் 3 கிலோவாட், அதாவது ஒரு பெரிய கீசர் நிற்காமல் மணிக்கணக்கில் ஓடுவது போல. நீலகிரியின் குந்தா, பைக்காரா நீர்மின் அணைகளில் தண்ணீரைத் தேக்கி வைத்துத் திறப்பதே பெரும்பாலும் இந்த உச்ச நேரத் தேவைக்காகத்தான். அதில் நானும் போய் முண்டுவது சரியாகப் படவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் மின்சார டாக்ஸி வைத்திருக்கிறார். காலையில் மேட்டுப்பாளையம் சேரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ரயிலில் வருபவர்களை ஏற்ற விடியுமுன் கிளம்பிவிடுவார். "தம்பி, எனக்கு நாலு மணிக்குள்ள ஏறணும், நீ அப்புறம் போட்டுக்க" என்றார். இரவு 11 முதல் 3 வரை அவர். 3 முதல் 7 வரை நான். டைமர் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். நான்கு மணி நேரத்தில் 12 யூனிட் ஏறும், ஒரு நாள் ஓட்டத்துக்குப் போதும். அதன் பிறகு சார்ஜர் நடுவில் நின்றதில்லை. பனி உறையும் ஜனவரியில் இன்னொரு நன்மையும் தெரிந்தது: அப்போதுதான் சார்ஜ் ஏறிய பேட்டரி அவ்வளவு குளிர்ந்திருக்காது என்பதால் இறக்கத்தில் ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் எடுத்து பேட்டரிக்கு அனுப்புவது) நன்றாகப் பிடிக்கிறது.

மலையில் இருப்பவர்கள் தயவுசெய்து 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரம் போய்ச் சேர பேட்டரியில் இடம் இருக்காது, பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். நான் 90-இல் நிறுத்துகிறேன். மேட்டுப்பாளையம் சேரும்போது 95 காட்டும். திரும்பி ஏறும்போது அதில் 40 சதவீதம் வரை செலவாகிறது. ஒன்றரை டன் வண்டியை 1,500 மீட்டர் உயரம் தூக்க மட்டுமே 6 யூனிட் வேண்டுமே.

அடுத்த மாதம் தெருவுக்கு மூன்றாவது கார் வருகிறது. வாங்குபவர் நைட் ஷிஃப்ட் நர்ஸ் அக்கா, பகலில் வீட்டில்தான் இருப்பார். கீழே சமவெளியில் சோலார் மின்சாரம் தாராளமாக வரும் நேரம் அது. பகல் 11 மணிக்குமேல் போடச் சொல்லியிருக்கிறோம், அவரும் சரி என்றுவிட்டார்.