எஸ்எஸ்எச்சும் எங்கள் ஊர் கரண்டும்: சில வருட அனுபவம்

2020 மார்ச்சில், பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று நாலு சட்டையோடு ஊருக்கு வந்தவன் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். வேலை சர்வர் பராமரிப்பு. சர்வர்கள் சில மும்பையில், சில ஜெர்மனியில். நான் உட்கார்ந்திருப்பது மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில் ஒரு கிராமத்து வீட்டில். நடுவில் இருப்பது எஸ்எஸ்எச் ஒன்றுதான், அதாவது தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை தட்ட உதவும் வழி. சென்னையிலும் அதைத்தான் பயன்படுத்தினேன், ஆனால் அங்கே லைன் அறுந்ததே கிடையாது, அதனால் எனக்கு அதைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதே இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ரவுட்டரும் அதில்தான் ஓடுகிறது. பிரயோஜனம் இல்லை. கரண்ட் போனால் தெருமுனையில் இருக்கும் இன்டர்நெட்காரரின் பெட்டியும் சேர்ந்து படுத்துவிடும். உடனே போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவேன், ஐபி முகவரி மாறும், எஸ்எஸ்எச் ஓடுவது இரு முனைகளின் முகவரியோடும் கட்டுண்ட டிசிபி இணைப்பின் மேல் என்பதால் பழைய முகவரியில் தொடங்கிய செஷன் அதோடு செத்தது. செத்ததைச் சொல்லவும் சொல்லாது. திரை அப்படியே உறைந்து நிற்கும், கன்ட்ரோல்-சி அடித்தாலும் அசையாது. முதல் ஆறு மாதம் ஜன்னலையே மூடிவிட்டுப் புதிதாகத் திறந்துகொண்டிருந்தேன். என்டர் தட்டி, ஒரு டில்டே (~), ஒரு புள்ளி அடித்தால் உறைந்த செஷனிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்று ஒரு நண்பர் போனில் சொன்னபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பெரிய அடி அந்த வருடம் ஐப்பசி மழையில் விழுந்தது. ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸில் பெரிய டேபிள் ஒன்றை மாற்றும் ஸ்கிரிப்ட் முக்கால்வாசி ஓடியிருந்தது, இடி இடித்தது, கரண்ட் போனது. இணைப்பு அறுந்துவிட்டது என்று சர்வர் முடிவு செய்த உடனே அந்த டெர்மினலில் ஓடும் புரோகிராமுக்கு லைன் போய்விட்டது என்று சொல்லும் ஹேங்கப் சிக்னல் போகும், பெரும்பாலானவை அதோடு நின்றுவிடும். என்னுடையதும் நின்றது. பாதி மாறிய டேபிளைத் தூக்கிப் போட்டு பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்கும்போது பக்கத்து வீட்டில் பால் கறக்கிற சத்தம் கேட்டது.

மறுநாளே டிமக்ஸ் போட்டேன். அது சர்வரிலேயே உட்கார்ந்திருக்கும், நம் லைன் போனாலும் உள்ளே ஓடுகிறது ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து அட்டாச் செய்தால் விட்ட இடத்தில் இருக்கும். இதை முன்பே யாரோ சொல்லி, நான்தான் கேட்கவில்லை. கூடவே என் லேப்டாப்பில், எஸ்எஸ்எச்சின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் 30 என்று எழுதிவைத்தேன். சும்மா விட்டால் அதன் மதிப்பு 0, அதாவது ஒன்றும் விசாரிக்காது. 30 என்றால், சர்வரிடமிருந்து அரை நிமிடம் சத்தமே இல்லையென்றால் இருக்கிறாயா என்று கேட்கும், மூன்று தடவை பதில் வராவிட்டால் தானே மூடிக்கொள்ளும். உறைந்த திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் மோஷ், எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இன்னொரு புரோகிராம். 2012-ல் எம்ஐடியில் எழுதி வெளியிட்டது. உள்ளே நுழைய எஸ்எஸ்எச்சையே பயன்படுத்திக்கொண்டு, பிறகு நிலையான இணைப்பு தேவைப்படாத யுடிபிக்கு மாறிவிடும், அதனால் ஐபி மாறினாலும் கவலைப்படாது. லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிட்டு வந்து திறந்தால் செஷன் அப்படியே இருக்கிறது. ஜெர்மனி சர்வரில் தட்டும் எழுத்து திரையில் வர ஒரு இழுவை இருக்குமே, அதையும் மோஷ் தானே ஊகித்து முன்கூட்டியே காட்டிவிடுகிறது, சர்வர் உறுதி செய்யும் வரை அடிக்கோடு போட்டு. எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான். குறையும் உண்டு: மேலே சுருட்டிப் பழைய வரிகளைப் பார்க்க முடியாது, போர்ட் ஃபார்வர்டிங் (வேறு இணைப்புகளை இதன் வழியே அனுப்புவது) கிடையாது, சர்வரின் எண்ணிட்ட வாசல்களான போர்ட்டுகளில் 60000 முதல் 61000 வரை உள்ள யுடிபி போர்ட்டுகளில் கொஞ்சமாவது திறந்து வைக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர்களுக்கு டிமக்ஸ்தான்.

பாஸ்வேர்டை விட்டு, நம்மை அடையாளம் காட்டும் கோப்பான சாவிக்கு மாறியதில் சொல்ல அதிகம் இல்லை. எட்25519 வகைச் சாவி, அதைப் பூட்டிவைக்க ஒரு பாஸ்ஃபிரேஸ், முடிந்தது. ஒரே ஒரு தலைவலி: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிச் சாவி என்று, சாவிகளை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட்டில் ஏழெட்டைச் சேர்த்தபோது, அது ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்க, சரியான சாவி வரும் முன்பே சர்வர் கதவைச் சாத்திவிட்டது. ஆறு முயற்சிதான் இயல்பான வரம்பு. ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் என்று ஒரு வரி எழுதி, எந்த சர்வருக்கு எது என்று குறித்த பிறகு சரியானது. 2022-ல் என் லேப்டாப் லினக்ஸ் வகையான உபுண்டு 22.04-க்கு ஏறியபோது இன்னொன்று, இன்னொரு லினக்ஸ் வகையான பழைய சென்டோஸ் 6 ஓடும் சர்வர் ஒன்றில் நுழையவே முடியவில்லை. நான் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் புரோகிராமான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 8.8 பதிப்பிலிருந்து, பலவீனமாகிவிட்ட ஷா-1 முறையைப் பயன்படுத்தும் பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு சர்வருக்கு மட்டும் விலக்கு எழுதினேன். எரிச்சல்தான், ஆனால் தப்பு அவர்கள் மேல் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒருநாள், "ஏம்ப்பா, ஜெர்மனியில இருக்கறது தெரியுதுங்கற, நம்ம மோட்டார் ஓடுதான்னு தெரியாதா?" என்றார். நியாயமான கேள்வி. மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால் வழியாக எங்கள் வயலுக்கு வந்து சேரும் வரை நாற்றங்காலுக்கு போர் தண்ணீர்தான். காற்றடித்து ஒரு பேஸ் போனால் மோட்டார் நின்றுவிடும், அதைப் பார்க்க அவர் ராத்திரியில் டார்ச்சோடு வரப்பில் நடப்பார். பம்புசெட் கொட்டகையில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தேன். சிம் கார்டு இணைப்பில் வெளியிலிருந்து உள்ளே போக வழி கிடையாது, ஆகவே அந்தப் பையே மும்பையில் இருக்கும் என் சின்ன சர்வருக்குப் போன் போட்டு, நான் அதன் வழியே திரும்பி உள்ளே வர தலைகீழ் சுரங்கம் ஒன்றைத் திறந்து வைக்கும். எஸ்எஸ்எச் கட்டளையில் மைனஸ் பெரிய ஆர் (-R) என்ற ஒரே ஆப்ஷன். நான் மும்பை வழியாகச் சுற்றி ஐநூறு அடி தள்ளியிருக்கும் கொட்டகைக்குள் நுழைகிறேன்.

அதிலும் ஒரு சிக்கல். கரண்ட் போய் வந்து பை திரும்ப எழுந்தால், பழைய சுரங்கம் செத்தது மும்பைக்குத் தெரியாமல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும், புதியது நுழைய முடியாது. அந்தப் பக்கம் சர்வரே இருக்கிறாயா என்று விசாரிக்கும்படி கிளையன்ட்அலைவ்இன்டர்வல் போட்டு, இந்தப் பக்கம் போர்ட் கிடைக்காவிட்டால் வெளியேறித் திரும்ப முயலும்படி சொல்லிவைத்த பிறகு ஒழுங்காக எழுந்துகொள்கிறது. எஸ்டி கார்டுதான் திடீர் கரண்ட் கட்டில் கெட்டுப் போகிறது. இப்போது ஓடுவது மூன்றாவது. நான்காவதையும் எல்லாம் ஏற்றித் தயாராக வைத்திருக்கிறேன், அப்பாவின் டார்ச் இருக்கும் அதே மாடத்தில்.