டாய்ச்லான்ட் டிக்கெட்: ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் செய்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது

ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்ததும் அறை வாடகை எவ்வளவு, சமையலுக்கு என்னென்ன எடுத்துப் போவது என்றுதான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது டாய்ச்லான்ட் டிக்கெட்டைப் பற்றி. டிரெஸ்டனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கோடைக்கால இன்டர்னாக இருந்தபோது வாடகைக்கும் மளிகைக்கும் அடுத்தபடியாக மாதாமாதம் நான் கட்டிய பெரிய தொகை இதுதான். மனசாரக் கட்டியதும் இது ஒன்றுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது மாதச் சந்தா. 2023 மே 1 அன்று 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள், 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. இது கையில் இருந்தால் நாட்டில் எந்த ஊரிலும் டவுன் பஸ், டிராம், யு-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), பிராந்திய ரயில் எதில் வேண்டுமானாலும் இரண்டாம் வகுப்பில் ஏறிக்கொள்ளலாம். ஐசிஇ, ஐசி, ஈசி போன்ற நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. ஃப்ளிக்ஸ்பஸ், ஃப்ளிக்ஸ்டிரெயின் என்கிற தனியார் வண்டிகளிலும் செல்லாது. 2022-ல் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்றே மாதங்களுக்கு 9 யூரோ டிக்கெட் ஒன்று விட்டார்கள், எண்ணெய் விலையும் மின்சார விலையும் எகிறிய நேரம் அது. அதற்கு இருந்த வரவேற்பின் தொடர்ச்சியாக வந்ததுதான் இது. அந்தக் கோடையில் அங்கே இருந்த சீனியர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

வெறும் கணக்குப் பார்த்தாலே கட்டுப்படியாகும். நகரத்துக்குள் ஒரு தடவை போகிற டிக்கெட்டே மூன்று யூரோவுக்கு மேல். தங்கியிருக்கும் இடத்திலிருந்து லேபுக்குப் போய்வருவதை மட்டும் வைத்துக்கொண்டாலும் பாதி மாதம் முடிவதற்குள் போட்ட பணம் வந்துவிடும். ஆனால் இதை நான் இவ்வளவு விரும்பியதற்குக் காரணம் வேறு. உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவனுக்கு வெளியே போக வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும்: அங்கே போக ஆறு யூரோ, வர ஆறு யூரோ, அதற்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாமே, சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அப்படியே அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று இன்டர்ன்ஷிப்பே முடிந்துவிடும், அறையும் லேபும் தவிர ஊரில் எதையும் பார்த்திருக்க மாட்டோம். இந்த டிக்கெட் அந்தக் கணக்கை ஓடவிடாது. மாத ஆரம்பத்திலேயே கொடுத்தாயிற்று, இனி எங்கே போனாலும் கூடுதலாக ஒரு காசு இல்லை என்று ஆனதும் ஆள் மாறிவிடுகிறோம். லேபில் பிஎச்டி செய்துகொண்டிருந்த ஒரு தமிழ் அண்ணா முதல் நாளே சொன்னார், "தம்பி, முதல்ல டிக்கெட்டை எடு, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று. இப்போது யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்கிறேன்.

டிரெஸ்டனில் இருப்பவர்களுக்கு இந்த டிக்கெட்டின் முழுப் பலனும் எஸ்1 என்கிற ஒரே எஸ்-பான் பாதையிலேயே கிடைத்துவிடும். ஒரு பக்கம் மைசன், இன்னொரு பக்கம் செக் நாட்டு எல்லையை ஒட்டிய ஷோனா. நடுவில் டிரெஸ்டன். ஷோனா பக்கம் போகிற இரண்டு அடுக்கு வண்டியில் மாடியில் இடது பக்க ஜன்னலில் உட்கார வேண்டும், ஏனென்றால் பிர்னா தாண்டியதும் தண்டவாளம் எல்பே ஆற்றின் கரையை ஒட்டியே போகும், ஆறு முழுக்க இடது பக்கம்தான் வரும். கொஞ்ச நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்குத்தான மணற்பாறைகள் தலைகாட்ட ஆரம்பிக்கும். சாக்சன் சுவிட்சர்லாந்து என்று அந்தப் பகுதிக்குப் பெயர். முக்கால் மணி நேரத்துக்குள் ராத்தன் வந்துவிடும், அங்கே இறங்கிப் படகில் அக்கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகையே கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்: ஆற்றுக்குள் மேலே எங்கோ நங்கூரம் போட்ட ஒரு நீளமான கம்பிவடத்தில் கட்டியிருக்கிறார்கள், படகைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினால் ஓடுகிற தண்ணீரே அதைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் ராத்தனுக்கு இதற்காகவே போகலாம்.

அக்கரையில் ஏற ஆரம்பித்தால் பாஸ்டை. ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரும் பாறைகள், அவற்றுக்கு நடுவே 1851-ல் கட்டிய கல்பாலம். பகலில் போனால் கூட்டம் முட்டும். நான் சொல்வது வேலை முடிந்த பிறகு, சாயங்காலம் போகச் சொல்லி. ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான் அங்கே சூரியன் மறையும். ஐந்து மணிக்கு லேபை விட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனால் ஆறேகாலுக்கெல்லாம் மலை ஏற ஆரம்பிக்கலாம், மேலே போய் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கும் நேரத்துக்கு டூரிஸ்ட் பஸ்களில் வந்தவர்கள் எல்லாம் கிளம்பியிருப்பார்கள், பாறைகள் எல்லாம் மஞ்சளாக மாறிக்கொண்டிருக்கும், கீழே பொம்மை மாதிரி நம் எஸ்1 ஆற்றோரம் ஊர்ந்து போகும். மறுநாள் காலை வழக்கம்போல லேபுக்குப் போகலாம், லீவு போட வேண்டியதில்லை, ஓட்டல் அறை வேண்டியதில்லை. தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்காக நான் இதைச் செய்திருக்கவே மாட்டேன்.

இன்னும் சோம்பலான நாளுக்கு நகரத்துக்குள்ளேயே ஒரு சுற்று இருக்கிறது. 2-ம் நம்பர் டிராமில் கடைசி நிறுத்தமான கிளைன்ஷாக்விட்ஸ் வரை போய், அங்கிருந்து ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினால் எதிர்க்கரையில் பில்னிட்ஸ் அரண்மனை. டிராமைப் போலவே அந்தப் படகும் நகரப் போக்குவரத்தில் சேர்ந்தது, இதே டிக்கெட்டைக் காட்டினால் போதும். அரண்மனைத் தோட்டத்தில் இருநூறு வயதைத் தாண்டிய கமேலியா மரம் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அதற்காகவே செய்த கண்ணாடி வீட்டைத் தண்டவாளத்தில் உருட்டிக்கொண்டு வந்து மரத்தை மூடுவார்கள், கோடையில் தள்ளி வைத்துவிடுவார்கள். பூப்பது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை என்பதால் கோடை இன்டர்ன்களுக்குப் பூ கிடையாது, மரம் மட்டும்தான். ஒரு மரத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று எனக்கு அதைப் பார்க்கவே பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஞாயிறன்று சூப்பர்மார்க்கெட், துணிக்கடை எல்லாம் மூடியிருக்கும், சட்டமே அப்படி. பேக்கரி சில மணி நேரம் திறந்திருக்கும், ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், அவ்வளவுதான். புதிதாகப் போனவர்களுக்கு இந்த அமைதி முதலில் வீட்டு ஞாபகத்தைக் கிளறிவிடும், நாள் முழுக்க அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அந்த நாளுக்கு இந்த டிக்கெட்டைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. காலையில் பேக்கரியில் இரண்டு புரோட்சன் (சின்ன உருண்டை ரொட்டி) வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு பிராந்திய வண்டியில் ஏறிவிட வேண்டியதுதான்.

லைப்சிக் போகிறவர்கள் ஐசிஇயை நினைத்து ஏங்க வேண்டாம். ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதையே லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டனுக்குப் போட்டதுதான், 1839-ல் முழுதாகத் திறந்தார்கள். இன்றைக்கு ஆர்இ என்கிற பிராந்திய வண்டி ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொள்ளும், வயல், தோப்பு, சின்ன ஊர்கள் என்று பார்த்துக்கொண்டே போய்விடலாம். லைப்சிக்கில் இசையமைப்பாளர் பாக் 1723-லிருந்து 1750-ல் சாகும்வரை இசைப்பணி செய்த தாமஸ் தேவாலயம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான், அவரை அடக்கம் செய்திருப்பதும் அதற்குள்ளேதான். மேற்கத்திய இசை பழக்கமில்லாதவர்களும் உள்ளே போய் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கோர்லிட்ஸ். ஜெர்மனியின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஊர். நைஸ் என்ற சின்ன ஆற்றின் மேல் இருக்கும் நடைபாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் போலந்து, ஊர் பெயர் ஸ்கோசெலெட்ஸ். 1945 வரை இரண்டும் ஒரே ஊர். மத்திய ஐரோப்பிய நேரத்தைக் கணக்கிடும் 15 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஒரு மாதச் சந்தாவை வைத்துக்கொண்டு ரயிலில் போய், காலாற நடந்து இன்னொரு நாட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள், 2023 அக்டோபருக்குப் பிறகு அந்த எல்லையில் ஜெர்மன் போலீஸ் சோதனை போடுகிறது.

சரி, குறைகள். முதலாவது வேகம். பெர்லினுக்கு ஈசி வண்டியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இந்த டிக்கெட்டில் போனால் நடுவில் இறங்கி மாறி, அதைவிட நன்றாகவே கூடும். மியூனிக், ஹாம்பர்க் போன்ற தூரங்களுக்கு இது லாயக்கில்லை. போகலாம்தான், ஆனால் நாலைந்து வண்டி மாறி நாள் முழுக்கப் போய்விடும். அதற்கெல்லாம் முன்கூட்டியே ஐசிஇயில் சலுகை டிக்கெட் எடுத்துக்கொள்வதே உத்தமம். இரண்டாவது, வண்டி மாறும் இடங்களை நம்ப முடியாது. ஒரு ஞாயிறு இரவு மாற வேண்டிய வண்டி ரத்தாகி, கடை கண்ணி எதுவும் இல்லாத ஒரு சின்ன ஸ்டேஷனில் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன், அறிவிப்பு ஜெர்மனில் மட்டும், என்ன ஏது என்று சொல்ல ஓர் ஊழியர்கூட இல்லை. எனக்கு அன்று கோபம் வந்தது, அது நியாயமான கோபம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பாதைப் பராமரிப்பு நடக்கும் இடங்களில் ரயிலுக்குப் பதில் எஸ்இவி என்ற பலகையோடு பஸ் விடுவார்கள், அது ஸ்டேஷனின் எந்த மூலையில் நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் நஷ்டஈடு உண்டு, ஆனால் இந்த டிக்கெட்டுக்கு ஒரு தாமதத்துக்கு 1.50 யூரோதான், அதுவும் 4 யூரோவுக்குக் குறைந்தால் தரமாட்டார்கள். அதனால் மறுநாள் காலையில் முக்கியமான மீட்டிங் இருந்தால் கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியிலேயே திரும்பிவிடுங்கள். மூன்றாவது, வெயில் அடிக்கும் வார இறுதிகளில் சுற்றுலாப் பாதை வண்டிகளில் சைக்கிள்களோடு கூட்டம் அள்ளும். உங்கள் சைக்கிளை ஏற்றுவதென்றால் அதற்கு வேறு டிக்கெட் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. டிக்கெட் ஒன்றுதான், ஆனால் விற்பவர்கள் பலர், எங்கே வாங்கினாலும் நாடு முழுக்கச் செல்லும். ஜெர்மன் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் பல இடங்களில் வழக்கம், கணக்கு திறக்கும்வரை கிரெடிட் கார்டை ஏற்கும் செயலியாகப் பார்த்து வாங்குங்கள். சந்தா 1-ம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை என்று கணக்கு, நடு மாதத்தில் ஆரம்பித்தால் எவ்வளவு எடுப்பார்கள் என்பது விற்பவருக்கு விற்பவர் மாறும், வாங்கும் முன் படித்துப் பாருங்கள். டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும், நண்பருக்குக் கொடுக்க முடியாது, பரிசோதகர் அடையாள அட்டையும் கேட்பார். போனில் இருக்கும் டிக்கெட்டைக் காட்ட முடியாமல் சார்ஜ் தீர்ந்துபோனால் அந்த நேரத்தில் டிக்கெட் இல்லாதவர் மாதிரிதான், டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் 60 யூரோ அபராதம். பவர்பேங்க் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் டாய்ச்லான்ட் டிக்கெட் செல்லும் வண்டிகளை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது, முதல் நாளே அதைப் போட்டுவைத்துவிட்டால் தெரியாமல் ஐசியில் ஏறும் பிரச்சினை வராது.

இதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் முறைப்படி சேர்ந்த மாணவர்களுக்கு இதையே 60 சதவீத விலையில் செமஸ்டர் டிக்கெட்டாகத் தருகிறார்கள். டிஏஏடி வைஸ் (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இன்டர்ன்ஷிப் உதவித்தொகை) மாதிரியான திட்டத்தில் சில மாதங்களுக்குப் போகிறவர்கள் அங்கே மாணவராகப் பதிவாவதில்லை என்றால் அது கிடைக்காது. நிறுவனத்தில் இன்டர்ன் என்றால் ஊழியர்களுக்கான ஜாப் டிக்கெட் உண்டா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். நிறுவனம் விலையில் கால்வாசியாவது ஏற்றுக்கொண்டால் அதற்கு மேல் இன்னும் 5 சதவீதம் குறையும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அங்கே அது சாதாரண விஷயம்.

நகரத்தை விட்டு நகரவே போவதில்லை, லேபுக்கு நடந்தே போய்விடலாம் என்கிறவர்களுக்கு இது தேவையில்லை. மற்ற எல்லாருக்கும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்; அந்த அரை, ரத்தான வண்டிகளுக்காகக் குறைத்தது.

ஊர் திரும்பும் மாதத்தில் 10-ம் தேதிக்குள் சந்தாவை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். நிறுத்தியதற்கு உறுதி செய்யும் மின்னஞ்சல் வந்ததா என்றும் பாருங்கள். நிறுத்திய பிறகும் அந்த மாதக் கடைசி வரை டிக்கெட் செல்லும், அதனால் கடைசி வார இறுதிக்கென்று இன்னும் போகாத ஓர் ஊரை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.